பொன்மலை ஃபிட்டர் வேல்ஸ் போன கதை

செப்டம்பர் 8, திங்கள் – பர்மிங்காமிலிருந்து டவின்

அப்பாவுக்கு லண்டன் வேண்டாமாம். அரண்மனை, கோபுர மணி, ராட்டினம் எதுவும் வேண்டாம். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சின்கள் பெரிய பழுதுபார்ப்புக்கு மலையிறங்கி வருவது அந்தப் பட்டறைக்குத்தான். விமானத்திலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வந்து காபி குடித்து முடிக்கும் முன்பே கேட்டுவிட்டார்: "இந்த ஊர்ல நேரோ கேஜ் எங்கம்மா ஓடுது?" வழக்கமானதைவிடக் குறுகலான பாதையில் ஓடும் ரயிலைத்தான் கேட்கிறார்.

தேடிப் பார்த்தால் வேல்ஸ் முழுக்க ஓடுகிறது. எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பொருட்காட்சியில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவார்களே, அந்த ரகம் என்றுதான் நினைத்திருந்தேன். சரி, கடற்கரையாவது பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

பர்மிங்காமிலிருந்து வேல்ஸ் கடற்கரை ஊரான டவின் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். ஷ்ரூஸ்பரி தாண்டியதும் மலையும் ஆடும் மழையும்தான். மச்சின்லெத் என்ற ஊரில் ரயிலை இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தெற்கே அனுப்புகிறார்கள். நாங்கள் வடக்கே போகும் பாதியில் இருந்தோம். அதற்குப் பிறகு பாதை கடலை ஒட்டியே போகிறது. ஜன்னலுக்குக் கீழே அலை.

தங்குமிடத்து அம்மாள் அன்பானவர்தான். ஆனால் அக்டோபர் பிறக்காமல் ஹீட்டர் போடுவதில்லை என்பது அவர் கொள்கை. அப்பா மங்கி குல்லாயோடு தூங்கினார். இரவுச் சாப்பாடு கடற்கரையில் சிப்ஸ், ஒரு பொட்டலம் 4 பவுண்டு. அப்பா சுத்த சைவம். எந்த எண்ணெயில் பொரித்தது என்று என்னை இரண்டு தடவை கேட்க வைத்தார். தாவர எண்ணெய்தான் என்று கடைக்காரப் பெண் டின்னையே தூக்கிக் காட்டினாள். திருச்சியிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயை அவர் பையிலிருந்து எடுத்துத் திறப்பதற்குள் ஒரு கடற்புறா வந்து பொட்டலத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்த கிழவர், ஏதோ தான் வளர்த்த பறவை போல, எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய் – டாலிலின்

டவினிலிருந்து மலைக்குப் போகும் குறும்பாதை ரயிலின் பெயர் டாலிலின். டிக்கெட் விலையைக் கேட்டதும் அப்பா மனதுக்குள் ரூபாய்க்கு மாற்றுவது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை. நேராக நடைமேடையின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து, தண்டவாளத்துக்கு மேலே காற்றில் கையை விரித்துச் சாண் போட்டார். "சரியா மூணு சாண்" என்றார். அட்டையில் பார்த்தேன், 2 அடி 3 அங்குலம். 27 அங்குலம் என்றால் மூன்று சாண்தான். ஊட்டி ரயில்கூட மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலம். அதைவிட ஓரடி குறுகல்.

எங்கள் பெட்டியில் ஒரு பக்கம் கதவே இல்லை. அதை முதலில் கவனித்தவரும் அப்பாதான். "இந்தப் பக்கம் எப்படி எறங்குறது?" கார்டு ஒரு வெள்ளைத்தாடிக்காரர். எத்தனை பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பாரோ, அலுக்காமல் சொன்னார். 1860-களில் பாதை போட்டு முடித்தபின் அரசு ஆய்வாளர் வந்து பார்த்தார். பாலங்களுக்கு அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் போதிய இடைவெளி இல்லை. கதவைத் திறந்து எவராவது எட்டிப் பார்த்தால் தலை போகும். பாலத்தை இடித்துக் கட்டப் பணம் இல்லை. அதனால் பாதையைப் பாலத்துக்கு அடியில் ஒரு பக்கமாக நகர்த்திப் போட்டு, நெருக்கமான பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். எல்லா நிலையங்களிலும் நடைமேடை ஒரே பக்கம். 160 வருடமாக அப்படியே இருக்கிறது. "நம்மாளுங்க மாதிரியே சமாளிச்சிருக்கான்" என்றார் அப்பா. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

கற்பலகைக்காகப் போட்ட பாதை இது. மலையில் பிரின் எக்லுயிஸ் சுரங்கத்தில் வெட்டிய கூரைப் பலகைகளை டவினுக்கு இறக்க வேண்டும். 1911-ல் சுரங்கமும் ரயிலும் உள்ளூர் எம்.பி. ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் கைக்கு வந்தன. 1946 டிசம்பரில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. கொண்டுபோக சரக்கே இல்லாமலும், நான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, நஷ்டத்தில் வாரத்துக்குச் சில நாள் ஓட்டினார். பிரிட்டன் ரயில்கள் அரசுடைமையானபோது இந்த ரயில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கடைசியில் ஓடும் நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒரே எஞ்சின். 1950-ல் ஜோன்ஸ் இறந்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வியப்பு. அந்த வருடம் அக்டோபர் 11-ஆம் தேதி சிலர் கூடி, இந்த ரயிலை நாமே ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். கூட்டம் நடந்தது பர்மிங்காமில், நான் தினமும் வேலைக்குப் போய்வரும் ஊரில். அதை முன்னின்று நடத்தியவர் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர், பொறியியல் படித்தவர். 1951 மே மாதம் தொண்டர்கள் ரயிலை ஓட்டினார்கள். அப்படி ஒரு ரயிலைத் தொண்டர்கள் கையில் எடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் மூடிப்போன காரிஸ் ரயிலும் இதே 2 அடி 3 அங்குலம். அதன் இரண்டு எஞ்சின்கள் தலா 25 பவுண்டுக்குக் கிடைத்தன.

தாடிக்கார கார்டு ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். வால்வர்ஹாம்ப்டனில் வீடு. வருடத்தில் சில வாரம் இங்கே வந்து பச்சைக்கொடி ஆட்டுகிறார்.

"சம்பளம் எவ்வளவு கேளு."

"சம்பளமே இல்லப்பா."

"சாப்பாடு?"

"அதுவும் அவர் காசுதான். சங்கத்துக்குச் சந்தா வேற கட்டுறாராம்."

அப்பா அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் ஓவர்டைம் பணத்துக்காகச் சண்டை போட்டவர் அவர். "வீட்டுல என்ன சொல்றாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். மொழிபெயர்த்தேன். வீட்டுக்காரி அடுத்த நிலையத்து டீக்கடையில் கேக் சுடுகிறாள், அவளுக்கும் சம்பளம் கிடையாது என்று பதில் வந்தது.

அந்த கேக்கைச் சாப்பிட்டோம். பாரா பிரித் என்கிறார்கள். டீயில் ஊறிய உலர்திராட்சை போட்ட ரொட்டி, மேலே கைவிரல் கனத்துக்கு வெண்ணெய். இரண்டு துண்டும் ஒரு கெண்டி டீயும் 9 பவுண்டுக்கு மேல். மறுபடியும் பெருக்கல். ஆனால் டீ நல்ல டீ. வந்ததிலிருந்து முதல்முறையாகச் சூடாகக் கிடைத்தது.

திரும்பும் வழியில் ஜன்னலை இறக்கி வைத்ததில் கண்ணில் கரி விழுந்தது. எதிர் இருக்கை அம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடி, பஞ்சு, சொட்டு மருந்து என்று வரிசையாக எடுத்தார். இந்த ரயிலில் வருகிறவர்கள் இதெல்லாம் வைத்திருப்பார்களாம். டவினில் குறும்பாதை ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலைக்குள் ஓடிய எஞ்சினைப் பார்த்ததோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. அப்பாவை மூடும் நேரத்தில்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

செப்டம்பர் 10, புதன் – ஃபேர்போர்ன்

காற்று. குடையை வந்த அன்றே கைவிட்டிருக்கலாம். இன்று அது தானாகவே போய்விட்டது.

ஃபேர்போர்ன் ரயில் வேறு வகை. பாதை அகலம் பன்னிரண்டே கால் அங்குலம். அப்பா சாண் போட்டுப் பார்க்கவும் வெட்கப்பட்டார். பெட்டியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. எதிரில் தாத்தாவும் பேரனும். பேரன் அப்பாவிடம் ஒரு மிட்டாயை நீட்டினான். அதற்கு மேல் அவரால் முறைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

குறும்பாதை வேறு, மினியேச்சர் ரயில் வேறு என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. நேற்றைய டாலிலின் எஞ்சின் எதற்கும் நகல் கிடையாது. மூன்று சாண் பாதையில் என்ன இழுக்க முடியுமோ அதற்கென்றே பிறந்தது. மினியேச்சர் எஞ்சின் ஏதாவது ஒரு பெரிய எஞ்சினை அளவு சுருக்கிச் செய்த நகல். நடுவில் ஒரு வினோத ஆள் இருந்தார், சர் ஆர்தர் ஹேவுட். 1870-களில் டெர்பிஷயரில் தன் பங்களாத் தோட்டத்தில் பாதை போட்டு, ஆள் ஏறிப் போக எத்தனை குறுகலான பாதை தாங்கும் என்று சோதித்தார். 15 அங்குலம் என்று முடிவுக்கு வந்தார். வேடிக்கைக்காகச் செய்தவர் இல்லை. பண்ணைகளுக்கும் பெரிய எஸ்டேட்டுகளுக்கும் சரக்கு இழுக்கத்தான் அவர் யோசித்தது. ஆனால் அந்த 15 அங்குலத்தைக் கடற்கரை ஊர்களின் உல்லாச ரயில்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபேர்போர்னில் முதலில், 1895-ல், மாவு வியாபாரத்தில் பணம் சேர்த்த மெக்டூகல் என்பவர் குதிரை இழுக்கும் டிராம் போட்டார். ஊரைக் கட்டச் செங்கல்லும் மணலும் கொண்டுவரத்தான். 1916-ல் அது 15 அங்குல ரயிலானது, 1986-ல் இன்னும் சுருங்கி இப்போதைய அளவுக்கு வந்தது.

இன்று எங்களை இழுத்த எஞ்சினின் பெயர் ஷெர்பா. பெயரைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டவில்லை. அப்பா அதன் பக்கவாட்டில் போய் நின்று, பாய்லர் மேல் வளைந்து உட்கார்ந்திருந்த தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏய், இது டார்ஜிலிங்!" என்று கத்தினார். டார்ஜிலிங் மலை ரயிலின் பி வகுப்பு எஞ்சினைப் பாதி அளவில் செய்திருக்கிறார்கள். கிளாஸ்கோவில் பிறந்து இமயமலை ஏறிய எஞ்சினின் குட்டி, வேல்ஸ் கடற்கரை மணலில் ஓடுகிறது.

மணல் என்றதும் நினைவு வருகிறது. பாதிவழியில் ரயில் நின்றுவிட்டது. ராத்திரிக் காற்றில் மணல் பறந்து வந்து தண்டவாளத்தை மூடியிருந்தது. டிரைவர் மண்வெட்டியோடு இறங்கி அள்ளிப் போட்டார். அப்பா எழுந்து கதவில் கை வைத்தார். உட்காருங்கள் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார் டிரைவர். முனையில் இறங்கினால் எதிர்க்கரையில் பார்மத். படகில் போவதாகத் திட்டம். காற்றால் படகு இல்லை. அதே ரயிலில், அதே முழங்கால் இடியோடு திரும்பி வந்து, பெரிய ரயிலில் ஏறி நீளமான மரப்பாலத்தின் மேல் பார்மத் போனோம்.

ஃபேர்போர்ன் ஊரைக் கடலிடமிருந்து 2054 வரைதான் காப்பாற்ற முடியும், அதற்குப் பிறகு முடியாது என்று அதிகாரிகள் முன்பு ஒரு திட்டத்தில் குறித்திருந்தார்கள். டீக்கடையில் பேச்சு அதைப் பற்றித்தான். அங்கே டீ 2 பவுண்டு.

செப்டம்பர் 11, வியாழன் – போர்த்மாடாக், பாஸ்டன் லாட்ஜ்

வெயில் என்று சொல்லக்கூடிய ஒன்று இரண்டு மணி நேரம் அடித்தது.

போர்த்மாடாக் ஊருக்கு முன்னால் கடலை மறித்து ஒரு மைல் நீளத்துக்குக் கல்லணை. மேடாக்ஸ் என்ற நிலக்கிழார் 1811-ல் கட்டி முடித்தது. அதன் தலைமேல் ஃபெஸ்டினியாக் ரயில் போகிறது. அணையின் மறுகரையில் பாஸ்டன் லாட்ஜ் பட்டறை. முன்பதிவு செய்தால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

உள்ளே போனதும் அப்பாவின் நடை மாறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் நின்று, பட்டறையில் மேற்பார்வைக்கு வருகிறவர்கள் நடப்பது போல நடந்தார். அந்த வாசனை எனக்கும் தெரிந்ததுதான். கட்டிங் ஆயில், கரி, சூடான இரும்பு. சின்ன வயதில் அவருடைய காக்கிச் சட்டையில் இருக்கும்.

ஒரு மூலையில் அறுபது வயசுக்காரர் ஒருவர் அச்சைத் தாங்கும் மென்மையான உலோகத் தாங்கியை, ஒயிட் மெட்டல் பேரிங்கை, வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். அச்சில் நீல மை தடவி, பேரிங்கை அதன்மேல் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றி எடுப்பார்கள். எங்கெல்லாம் நீலம் ஒட்டுகிறதோ அங்கெல்லாம் மேடு. அதை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். மறுபடி மை, மறுபடி சீவல், நீலம் எல்லா இடத்திலும் சமமாக விழும்வரை. அப்பா அருகில் போய் நின்று, "ப்ரஷியன் புளூ" என்றார். அந்த மனிதர் நிமிர்ந்தார். அப்பா தன் நெஞ்சைத் தொட்டு "ரயில்வே. ஃபிட்டர். முப்பத்தெட்டு இயர்ஸ்" என்றார். அதற்கு மேல் என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

கழித்துப்போட்ட பழைய பேரிங் ஒன்றை எடுத்து வைத்து, சுரண்டியை அப்பாவிடம் நீட்டினார் அவர். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இடது கட்டைவிரலைப் பிளேடின் கழுத்தில் அழுத்தி, வலது கையால் தன் பக்கம் இழுத்தார். சவரம் செய்வதுபோல மெல்லிய சுருள் ஒன்று வந்தது. இரண்டாவது இழுப்பை முதலாவதற்குக் குறுக்கே இழுத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தக் குறுக்கு இழுப்பைக் கண்டதும் தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டு, பார், இப்படித்தான் என்று காட்டினார். பையன் பயிற்சிக்கு வந்தவன், சம்பளக்காரன். சொல்லிக்கொடுக்கிறவர்தான் இலவசம்.

பட்டறையில் இரட்டை ஃபேர்லி என்ற எஞ்சின் நின்றது. இரண்டு எஞ்சின்களை முதுகோடு முதுகு ஒட்டியது போலத் தோற்றம். இரண்டு முனையிலும் புகைபோக்கி, நடுவில் கரி எரியும் ஃபயர்பாக்ஸ். டிரைவர் அதற்கு ஒரு பக்கம், ஃபயர்மேன் மறு பக்கம். நடுவே பாய்லர் இருப்பதால் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போக முடியாது. சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சட்டங்களில் (போகி என்கிறார்கள்) இருப்பதால் கூர்மையான வளைவிலும் மடங்கிப் போகும். ராபர்ட் ஃபேர்லியின் வடிவம். 1879-ல் இங்கேயே செய்த மெர்தின் எம்ரிஸ் இன்னும் ஓடுகிறது. 2023-ல் இன்னொன்றைப் புதிதாகச் செய்து முடித்திருக்கிறார்கள். "புதுசா பாய்லர் கட்டுறானுங்க பாரு" என்று அப்பா மூன்று தடவை சொன்னார். பொன்மலையிலும் ஊட்டிக்குப் புதிய நீராவி எஞ்சின் செய்திருக்கிறார்கள் என்று அந்த மனிதரிடம் பெருமையாகச் சொல்ல வைத்தார். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இரவு லீக் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து உருட்டிப் பொரித்த கிளாமர்கன் சாசேஜ். பெயரைக் கேட்டுப் பயந்த அப்பா, இறைச்சியே இல்லை என்று மூன்று பேர் உறுதி சொன்னபின் சாப்பிட்டார். ஊறுகாய் அதற்கும் பொருந்தியது.

செப்டம்பர் 12, வெள்ளி – பிளைனை ஃபெஸ்டினியாக்

மழை. வேல்ஸில் மழைக்குப் பேர்போன ஊருக்குப் போகிறோம் என்று கார்டு முன்கூட்டியே அனுதாபம் தெரிவித்தார்.

பாதை அகலம் 597 மில்லிமீட்டர், இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. சுரங்கத்துக்குள் ஆளும் குதிரையும் தள்ளிய வண்டிகளின் அளவே இதற்கும் வந்தது. மலைச்சரிவில் அகலப் பாதை போட வேண்டுமானால் பாறையைக் கூடுதலாக வெட்ட வேண்டும், பாலத்தை அகலமாகக் கட்ட வேண்டும். குறுகலாக இருந்தால் மலை எப்படி வளைகிறதோ அப்படியே நாமும் வளைந்து போகலாம். குழந்தை விளையாட்டு என்று நான் நினைத்தது கடைசியில் கஞ்சக் கணக்கு.

1836-ல் திறந்தபோது எஞ்சினே இல்லை. சுரங்கம் கடல்மட்டத்துக்கு 700 அடிக்கு மேலே இருக்கிறது, துறைமுகம் கீழே. 13 மைலும் சீராக இறங்கும்படி பாதையை வகுத்தார் ஜேம்ஸ் ஸ்பூனர். கற்பலகை ஏற்றிய வண்டிகளைக் கோர்த்து, பிரேக்கை விட்டால் போதும், தானாக உருண்டு துறைமுகம் வரும். பிரேக்மேன்கள் பலகைகள் மேல் உட்கார்ந்தும் தாவியும் வேகத்தைப் பிடிப்பார்கள். காலி வண்டிகளை மேலே இழுக்கக் குதிரை. அந்தக் குதிரை கீழே வருவதும் அதே ரயிலில்தான், தனி வண்டியில் நின்று வைக்கோல் தின்றபடி. இதைக் கேட்டு அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எறக்கம்தான் எஞ்சின். அதுக்குக் கரியும் வேணாம், சம்பளமும் வேணாம்."

இரண்டடிப் பாதையில் நீராவி எஞ்சின் ஓடாது என்று பெரிய பொறியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது 1863-ல் ஓட்டிக் காட்டினார்கள். 1870 பிப்ரவரியில் இங்கே நடந்த ஃபேர்லி எஞ்சின் சோதனைகளைப் பார்க்க ரஷ்யாவிலிருந்து ஒரு குழுவே வந்தது. மலைக்கு மலிவாக ரயில் போட முடியும் என்ற செய்தி இங்கிருந்து பரவியது. 1881-ல் டார்ஜிலிங் வரை இரண்டடிப் பாதை போய்ச் சேர்ந்தது. ஊட்டிக்கு அது போதாது. அங்கே சுமார் 12 அடிக்கு ஓரடி ஏற்றம், பல்சக்கரம் இல்லாமல் ஏறாது. அப்பா அதைப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் கையால் விளக்கினார். இரண்டு பேர் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ரயிலும் 1946-ல் நின்றுபோய், 1955-ல் தொண்டர்களால் அணைமேல் மட்டும் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு மேலே மின் திட்டத்துக்கு அணை கட்டி, பழைய பாதையின் ஒரு பகுதியைத் தண்ணீர் மூழ்கடித்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர்கள் 1965-ல் மண்வெட்டியோடு வந்து புதுப்பாதை வெட்ட ஆரம்பித்தார்கள். வார இறுதிகளில், விடுமுறைகளில், மழையில். உயரம் பிடிப்பதற்காகப் பாதையை ஒரு முழு வட்டம் சுற்றவிட்டு, தன் தலைமேல் தானே கடக்க வைத்தார்கள். புதிய சுரங்கவழிக்குக் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தார்கள். 1982-ல்தான் பிளைனை வரை ரயில் போனது. எங்கள் பெட்டியில் ஒருவர், மாணவனாக இருந்தபோது அந்த வட்டத்தில் தான் வெட்டிய இடம் எது என்று ஜன்னல் வழியாகக் காட்டினார். மூடுபனியில் எனக்கு ஒரு சுவரும் ஃபெர்ன் செடிகளும் தெரிந்தன. அவருக்கு நிறைய தெரிந்தது போலிருக்கிறது. வட்டம் முடியும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

இன்னொன்றும் அவர் சொன்னார். நிலக்கரிக்குப் பேர்போன வேல்ஸின் கடைசிப் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023-ல் மூடப்பட்டது. இப்போது இந்த மாதிரி ரயில்கள் கரிக்கு வெளிநாட்டுக் கப்பலைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிளைனையில் இறங்கினால் மூன்று பக்கமும் கற்பலகைக் கழிவு மலைகள், ஈரத்தில் ஊதா நிறத்தில். சுற்றிலும் தேசியப் பூங்கா. இந்த ஊரை மட்டும் அசிங்கம் என்று 1951-ல் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டார்கள். 2021-ல் யுனெஸ்கோ வந்து அதே கழிவு மலைகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியம் என்றது. ஒரு கடையில் கீரையும் கிழங்கும் போட்ட சூப், 6 பவுண்டு 50. அப்பா விலை கேட்கவில்லை. குளிர் அப்படி.

பெரிய ரயிலில் பர்மிங்காம் திரும்பும்போது, கென்ட் கடற்கரையில் இன்னொன்று இருக்கிறது என்று சொன்னேன். ரோம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச். 15 அங்குலம். ஹோவி, ஸ்போரோவ்ஸ்கி என்ற இரண்டு பணக்காரக் கார்ப் பந்தயக்காரர்களின் கனவு. ஸ்போரோவ்ஸ்கி 1924-ல் மோன்சா பந்தயத்தில் இறந்துபோக, ஹோவி தனியாக 1927-ல் திறந்தார். இரண்டாம் உலகப் போரில் அதில் கவச ரயிலே ஓடியது.

"பதினஞ்சு இஞ்ச்சா? ரெண்டு சாண்கூட வராதே. முழங்கால் இடிக்குமே."

"பதிமூன்றரை மைல் ஓடுதுப்பா. டபுள் லைன் எல்லாம் இருக்கு."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டறை இருக்கா?"

"இருக்கு."

"சுத்திக் காட்டுவானுங்களான்னு கேட்டுட்டு டிக்கெட்டப் போடு" என்றார்.